வெள்ளைப்படுதலின் நாட்கணக்கு

மாதவிடாய்ச் சுழற்சியின் ஊடே பெண்ணுறுப்பில் ஊறும் நீர் எல்லா நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. உதிரம் நின்ற பின் சில நாட்கள் பெரும்பாலும் வறட்சிதான். பிறகு வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ கொஞ்சம் படும். கெட்டியாக, ஒட்டும் பதத்தில் இருக்கும். நாள் செல்லச் செல்ல அது இளகி, அளவு கூடி, நிறம் போய்த் தெளிந்து, முட்டையின் வெள்ளைக்கருப் பதத்துக்கு வரும். இரு விரல்களுக்கு நடுவில் வைத்து விரித்தால் அறுபடாமல் பல சென்டிமீட்டர் நீளும். கருமுட்டை வெளியாகும் நாளை ஒட்டித்தான் இந்த வழுவழுப்பு உச்சத்தில் இருக்கும். அது முடிந்த ஓரிரு நாளில் சுரப்பு மறுபடி கெட்டிப்பட்டுக் குறைந்துவிடும். அடுத்த மாதவிடாய்வரை வறட்சியோ, மாவுபோல் சிறிது வெண்மையோதான்.

இந்த நீர் ஓரிடத்திலிருந்து வருவதல்ல. யோனிச் சுவரிலிருந்து உதிரும் செல்களும் அங்கு கசியும் நீரும் ஒரு பங்கு. கருப்பை வாயின் உட்சுவர் மடிப்புகளில் சுரக்கும் சளி இன்னொரு பங்கு. மாதத்தின் போக்கில் பெரிய மாற்றம் காண்பது இந்த இரண்டாவதுதான். சினைப்பையில் முட்டை முதிர முதிர ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. சளியில் நீரின் பங்கு சுமார் 90 விழுக்காட்டிலிருந்து 98 வரை உயர்கிறது. மற்ற நாட்களில் 0.1 மில்லிலிட்டருக்கும் குறைவாகச் சுரப்பது நடு நாட்களில் 0.5 மில்லிலிட்டரை எட்டும். முட்டை வெளியானபின் புரோஜெஸ்டிரோன் தலையெடுத்ததும் சளி இறுகி, கருப்பை வாய்க்கு அடைப்பாகிவிடுகிறது. யோனியின் இயல்பான அமிலத்தில் விந்தணு சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. நெகிழ்ந்த சளிக்குள் புகுந்துவிட்டால் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கக்கூடும். கருமுட்டைக்கோ ஒரு நாள்கூட ஆயுள் இல்லை. ஆக, கருத்தரிப்பு எந்த நாளில் கூடும் என்பதை முடிவு செய்வதில் முட்டைக்கு நிகரான பங்கு இந்தச் சுரப்புக்கும் உண்டு.

மாதந்தோறும் கண்ணெதிரே நடப்பதுதான் என்றாலும், இதை நாளோடு பொருத்தி மருத்துவம் எழுதிவைத்தது கடந்த 170 ஆண்டுகளுக்குள்தான். கருவி இல்லாமை ஒரு காரணம். அதைவிடப் பெரிய தடைகள் இரண்டு: உடம்பிலிருந்து ஒழுகுவதெல்லாம் நோய் என்ற எண்ணமும், கருத்தரிக்கும் நாள் எது என்பதில் இருந்த தவறான கணக்கும்.

நாள் கணக்கைப் பொறுத்தவரை பழைய இந்திய நூல்கள் அவ்வளவு தவறிவிடவில்லை. சுஸ்ருத சம்ஹிதை கருத்தரிக்க உகந்த ருதுகாலம் என்று 12 இரவுகளைச் சொல்கிறது. மனு ஸ்மிருதி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து 16 இரவுகளைக் கணக்கிட்டு, முதல் நான்கை விலக்குகிறது. தொல்காப்பியத்தின் கற்பியலிலும் இதையொட்டிய விதி உண்டு. பரத்தையரிடம் சென்ற தலைவனானாலும், மனைவிக்குப் பூப்பு நிகழ்ந்தால் அதையடுத்த பன்னிரண்டு நாளும் அவளைப் பிரிந்து இருக்கலாகாது. உரையாசிரியர்கள் இதற்குக் கருத்தரிப்பையே காரணமாகச் சொல்கிறார்கள். ஒழுக்கக் குறையை இலக்கணம் தட்டிக்கேட்காமல் விட்டுவிட்டுக் குழந்தைக்கான நாட்களை மட்டும் கறாராகக் கேட்டு வாங்கியிருப்பது இன்றைய வாசகருக்கு உறுத்தலாம். கணக்கு என்ற அளவில் மட்டும் பார்த்தால், 28 நாள் சுழற்சியுள்ள பெண்ணின் கருத்தரிக்கும் நாட்கள் எல்லாம் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவக் கையேடுகள் பலவற்றைவிட இது உண்மைக்கு அருகில் இருந்தது.

ஆனால் நாள் ஒரு பக்கமும் சுரப்பு இன்னொரு பக்கமுமாகவே நின்றன. வெள்ளைப்படுதல் ஆயுர்வேதத்தில் சுவேத பிரதரம் என்ற நோயாகவும், தமிழ் மருத்துவத்தில் வெள்ளை, வெட்டை என்ற நோய்களாகவும் இடம்பெற்றது. வீட்டு வழக்கில் அது உடம்புச் சூட்டின் விளைவு. ஊறவைத்த வெந்தயம், சோற்றுக் கற்றாழை, இளநீர், மோர் என்று குளிர்ச்சி தருவதாக நம்பப்பட்ட எல்லாம் அதற்கு மருந்தாயின, இன்றும் ஆகின்றன. கிரேக்க மருத்துவத்திலும் இதே நிலைதான். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் வெள்ளை ஒழுக்கு பெண்களுக்கு வரும் நோய்களில் ஒன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த சொரானுஸ், மாதவிடாய் ஓய்ந்துவரும் நாட்களே கருத்தரிக்க உகந்தவை என்று எழுதினார். நடு நாட்களின் தெளிந்த நீருக்கு எந்தக் கணக்கிலும் இடம் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் மருத்துவமனைகளில், யோனியை விரித்துக் கருப்பை வாயை நேரில் பார்க்க உதவும் ஸ்பெக்குலம் மறுபடி புழக்கத்துக்கு வந்தது. நுண்ணோக்கியும் கூடவே வந்தது. 1836-ல் ஆல்ஃபிரட் டோனே பெண்களின் சுரப்பை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் நீந்தும் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். ட்ரைக்கோமோனாஸ் என்று இன்று சொல்லப்படுவது அதுதான். நோயைத் தேடிப் போன கண்ணுக்கு நோயே கிடைத்தது. 1855-ல் லண்டன் மகப்பேறு மருத்துவர் டைலர் ஸ்மித் வெள்ளைப்படுதலைப் பற்றித் தனி நூலே எழுதினார். நூல் நோயைப் பற்றியதுதான். ஆனால் அதை எழுதப் புகுந்தவருக்கு இயல்பு எது என்று முதலில் வகுக்க வேண்டியிருந்தது. யோனியில் ஊறுவது அமிலம், கருப்பை வாயில் ஊறுவது காரம் என்று அவர் பிரித்தார். கருப்பை வாய்ச் சளி விந்தணு கடந்து செல்ல ஏற்ற ஊடகம் என்றும் குறித்தார்.

அடுத்த அடி எடுத்துவைத்தவர் அமெரிக்காவின் மரியன் சிம்ஸ். இவர் பெயரைச் சொல்லும்போது சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. 1840-களில் அலபாமாவில் அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்கள்மேல், மயக்க மருந்து இல்லாமல், திரும்பத் திரும்ப அறுவை செய்துதான் அவர் தம் கையைப் பழக்கிக்கொண்டார். அனார்க்கா, லூசி, பெட்சி என்ற மூவரின் பெயர்கள் மட்டும் ஏட்டில் எஞ்சியிருக்கின்றன. பிற்பாடு நியூயார்க்கில் பெண்களுக்கென மருத்துவமனை தொடங்கிப் புகழ்பெற்ற சிம்ஸ், குழந்தையில்லாத தம்பதியரிடம் புதிய சோதனை ஒன்றைச் செய்துபார்த்தார். உடலுறவுக்குப் பின் குறிப்பிட்ட நேரத்தில் கருப்பை வாயிலிருந்து சிறிது சளியை எடுத்து, அதில் விந்தணு உயிரோடு இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் தேடுவது. 1866-ல் வெளியான நூலில், மாதவிடாய் நின்ற சில நாட்களில் வரும் நல்ல சளி தெளிவாக, வெள்ளைக்கருப் பதத்தில் இருக்கும் என்று எழுதினார். மருத்துவர் ஒருவர் இப்படிப்பட்ட சோதனையில் இறங்குவது அநாகரிகம் என்று அக்கால மருத்துவ உலகிலேயே முகம் சுளித்தவர்கள் உண்டு. மாக்ஸ் ஹ்யூனர் 1913-ல் அதை ஒழுங்குபடுத்தி எழுதியபின் இருவர் பெயராலும் அந்தச் சோதனை உலகெங்கும் பரவியது.

சளியின் பதத்தைச் சரியாகச் சொன்ன சிம்ஸால் அதன் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. காலக்கணக்கு கோணலாகக் கிடந்தது. பெண் நாய்க்கு இணைசேரும் பருவத்தில் உதிரம் கசியும். ஆகவே மனிதப் பெண்ணுக்கும் உதிரத்தோடுதான் முட்டை வெளியாகிறது என்று அன்றைய அறிஞர்கள் முடிவு கட்டியிருந்தனர். பிரான்சில் பூஷே, ஜெர்மனியில் பிஷோஃப் போன்றோர் 1840-களில் இந்தக் கருத்துக்கு அறிவியலின் அங்கீகாரம் தேடித்தந்தார்கள். அதன்படி மாதத்தின் நடுப்பகுதி கருத்தரிக்காத, பாதுகாப்பான காலம். குழந்தை வேண்டாம் என்றவர்களுக்குக் கையேடுகள் கைகாட்டியது, கருத்தரிக்க மிகவும் வாய்ப்புள்ள நாட்களை. அந்த ஆலோசனையை நம்பிப் பிறந்த குழந்தைகளுக்குக் கணக்கில்லை.

1892-ல் ஜெர்மானியர் ஆல்பர்ட் டோடர்லைன், நோயில்லாத பெண்களின் யோனியில் அமிலத்தைச் சுரக்கும் ஒருவகைப் பாக்டீரியா குடியிருப்பதையும், அது மற்றக் கிருமிகளைத் தடுப்பதையும் காட்டினார். இயல்பான சுரப்பு என ஒன்று உண்டு, அது உடம்பைக் காக்கவும் செய்கிறது என்பதற்கு ஆய்வகச் சான்று கிடைத்தது அப்போதுதான். அமிலத்தன்மை (pH) 3.8 முதல் 4.5 வரை என்று இன்று பாடநூல்கள் சொல்வதற்கு அடிப்படை அந்தப் பாக்டீரியாதான். வணிகம் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1920, 30-களில் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகைகளில், தரை கழுவும் கிருமிநாசினியான லைசாலை நீரில் கலந்து உள்ளே பீய்ச்சிக் கழுவும்படி முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. கழுவாத மனைவியைக் கணவன் வெறுத்துவிடுவான் என்ற மிரட்டல் அவற்றில் கூசாமல் அச்சேறியது. உள்ளே புண்பட்ட பெண்கள் பலர். காவலுக்கு இருந்த பாக்டீரியாவையும் அந்தக் கழுவல் துடைத்தெடுத்தது.

நாள் கணக்கின் கோணலை நிமிர்த்தியவர்கள் இருவர், ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஜப்பானின் நீகாத்தா நகர மருத்துவமனையில் அறுவை செய்த கியூசாகு ஓகினோ, வயிற்றைத் திறக்கும்போதெல்லாம் சினைப்பையில் முட்டை வெளியான தடம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, அதைப் பெண்ணின் மாதவிடாய்த் தேதிகளோடு ஒப்பிட்டார். முடிவை 1924-ல் ஜப்பானிய மொழியிலும் 1930-ல் ஜெர்மன் மொழியிலும் வெளியிட்டார். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஹெர்மன் க்னவுஸ் வேறு வழியில் அதே முடிவை எட்டினார். முட்டை வெளியாவது போன மாதவிடாயிலிருந்து இத்தனையாம் நாள் என்று கணக்கிடக் கூடாது. அடுத்த மாதவிடாய்க்கு முன்னால் 12 முதல் 16 நாட்களுக்குள் என்று பின்னோக்கி எண்ண வேண்டும். இந்தத் திருப்பம்தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். சுழற்சி நீளும்போது நீள்வது முதல் பாதிதான். ஆனால் அடுத்த மாதவிடாய் எப்போது வரும் என்பது முன்கூட்டித் தெரியாதே. காலண்டர் கணக்கு தேதி தவறாத பெண்களுக்கு மட்டுமே ஓரளவு உதவியது. தம் கணக்கைக் கருத்தடைக்குப் பயன்படுத்துவதை ஓகினோ விரும்பவில்லை. உலகம் பயன்படுத்தியது அதற்குத்தான்.

இதே காலத்தில் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஜார்ஜ் பாப்பனிக்கோலோ இன்னொரு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். கினிப் பன்றிக்கு வெளிப்படையான மாதவிடாய் கிடையாது. அதன் சினைப்பருவத்தை உயிரோடிருக்கும்போதே அறிய, யோனிச் சுரப்பைத் தினமும் துடைத்தெடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி, செல்களின் மாற்றத்தைப் பார்க்கும் முறையை 1917-ல் உடன் ஆய்வு செய்த ஸ்டாக்கார்டும் அவரும் வெளியிட்டனர். பிறகு அதே முறை பெண்களிடம். முதல் சோதனைப் பெண் அவருடைய மனைவி ஆண்ட்ரோமக்கி. பல ஆண்டுகள் அவர் தம் சுரப்பை ஆய்வகத்துக்குத் தந்தார். பெண்ணின் சுழற்சி சுரப்பில் எப்படித் தெரிகிறது என்ற ஆய்வு 1933-ல் வந்தது. அந்தப் பூச்சுகளுக்கிடையே அவர் கண்ட புற்றுநோய்ச் செல்கள்தான் பின்னாளில் பாப் பரிசோதனை ஆயின. சுழற்சியைப் படிக்கப் போன இடத்தில் கிடைத்த துணைவிளைவு முதன்மையான வேலையையே மறைத்துவிட்டது. பாப் பரிசோதனையை அறிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது எங்கிருந்து முளைத்தது என்று தெரியாது.

ஈஸ்ட்ரோஜன் 1929-லும் புரோஜெஸ்டிரோன் 1934-லும் தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டன. சளி மாறுவதற்கான காரணத்தைச் சொல்ல இனி வழி பிறந்தது. 1933-ல் பிரான்சில் செகுயும் சிமோனேயும் கருப்பை வாய்ச் சளியின் பெருக்கத்தை ஹார்மோன் அளவோடும் சினைப்பையின் நிலையோடும் பொருத்திக் காட்டினர். தெளிந்த சளி பெருகுவதும் முட்டை முதிர்வதும் ஒன்றாக நடக்கின்றன என்பதற்கு நேரடிச் சான்று இதுவே. 1940-களில் இந்தச் சளியை இயற்பியல் பொருளாக எடுத்துக்கொண்டு அளக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் பொம்மரென்கே அதன் அளவையும் வேதிக்கூறுகளையும் நாள்வாரியாகப் பதிந்தார். இங்கிலாந்தில் கிளிஃப்ட் அது எவ்வளவு இழுபடும், எவ்வாறு ஒழுகும் என்று பார்த்தார். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே ஒரு துளியை வைத்து மெல்லப் பிரித்து, அறுபடும் நீளத்தை அளந்து குறிப்பதுதான் முறை. நடு நாட்களில் அது 8, 10 சென்டிமீட்டர்வரை போகும். மற்ற நாட்களில் பிரித்த கணமே அறுந்துவிடும்.

அதே நாட்களில் பாப்பனிக்கோலோ கண்ட இன்னொன்று கண்ணுக்கு விருந்து. நடு நாட்களின் சளியைத் தகட்டில் மெல்லிசாகப் பூசிக் காயவிட்டால், சில நிமிடங்களில் அதிலுள்ள உப்பு படிகமாகும். நுண்ணோக்கியில் நடுநரம்பு ஒன்றும், அதிலிருந்து இருபுறமும் பிரியும் கிளைகளும், கிளைக்குக் கிளை சிற்றிலைகளுமாகப் பெரணிச் செடி விரிந்து கிடக்கும். முட்டை வெளியாகிப் புரோஜெஸ்டிரோன் ஏறியபின் எடுத்த சளியில் இந்தக் கோலம் விழாது; உதிரிச் செல்கள்தான் தெரியும். சளியில் உப்பும் நீரும் மிகுந்து, புரதம் குறைந்திருக்கும்போது மட்டுமே பெரணி விரியும். ஹார்மோனை இரத்தத்தில் அளக்கும் வசதி வருமுன், குழந்தைப்பேறு மருத்துவர்களுக்கு இந்த உப்புக்கோலமே மலிவான ஹார்மோன் சோதனையாகப் பல ஆண்டுகள் உதவியது.

சுவீடன்காரரான எரிக் ஓடபிளாட் இதை அணுவின் மட்டத்துக்குக் கொண்டுபோனார். அணுக்கருவின் காந்த ஒத்ததிர்வு, அதாவது பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அடித்தளமான கருவி, இயற்பியல் கூடங்களைவிட்டு வெளியே வராத 1950-களிலேயே அதில் கருப்பை வாய்ச் சளியை வைத்துப் பார்த்தவர் அவர். 1957-ல் முதல் முடிவுகள் வந்தன. பின்னர் ஊமியோ பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் இதே வேலை. எந்த நாளிலும் சளி ஒரே பண்டமாக இல்லை, வெவ்வேறு மடிப்புகளில் சுரக்கும் பல வகைகளின் கலவையே அது என்பது அவர் கண்ட முடிவு. அடைப்பாக நிற்கும் வகை, குறையுள்ள விந்தணுக்களைச் சிக்கவைக்கும் வகை, நல்லவற்றை மேலே ஏற்றிவிடும் வகை என்று பிரித்தார். நாளுக்கு நாள் மாறுவது அவற்றின் விகிதம்தான். இந்தப் பகுப்பைப் பாடநூல்கள் எல்லாம் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. சளி வெறும் வழுவழுப்பல்ல, அதற்குள் ஒரு சல்லடை இருக்கிறது என்ற கருத்து மட்டும் நிலைத்துவிட்டது.

இவ்வளவும் ஆய்வகத்துக்குள், தகட்டிலும் குழாயிலும் நடந்தவை. சளியின் சொந்தக்காரியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டது ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், அதுவும் இத்துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர். ஜான் பில்லிங்ஸ் நரம்பியல் மருத்துவர். 1953-ல் கத்தோலிக்கக் குடும்பநல அலுவலகத்தில் பணியாற்றிய மாரிஸ் கட்டாரினிச் என்ற பாதிரியார், செயற்கைக் கருத்தடையைச் சபை ஏற்காத நிலையில் தவிக்கும் தம்பதியருக்கு உதவும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், தக்க காரணம் இருந்தால் கருத்தரிக்காத நாட்களைத் தேர்ந்துகொள்வது தவறல்ல என்று சொல்லியிருந்தார். ஆனால் கையிலிருந்தவை ஓகினோவின் காலண்டரும், காலையில் எழுந்ததும் உடல் வெப்பத்தை அளக்கும் முறையும் மட்டுமே. காலண்டர் பொய்த்தது. வெப்பமோ முட்டை வெளியான பிறகுதான் ஏறும். வரப்போகிறது என்று சொல்லாது.

மூன்று மாதத்துக்கு உதவுவதாகச் சொன்னவர் கடைசிவரை அதிலேயே இருந்துவிட்டார். பழைய மருத்துவ ஏடுகளைப் புரட்டும்போது டைலர் ஸ்மித், சிம்ஸ் முதலானோர் எழுதியது அவர் கண்ணில் பட்டது. இந்தச் சுரப்பைப் பெண்ணே உணர்வாளா என்று தம்மிடம் வந்தவர்களிடம் கேட்டார். உணர்வார்கள், பலர் அதைப் பல ஆண்டுகளாகவே அறிந்திருந்தார்கள். அதற்குப் பொருள் உண்டு என்றுதான் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. நாள்தோறும் ஈரமா, வறட்சியா, வழுக்குகிறதா என்று குறித்துவரச் சொல்லி அந்தக் குறிப்புகளை அடுக்கியதும் ஓர் ஒழுங்கு தெரிந்தது. உள்ளே விரல் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை, நடக்கும்போதும் துடைக்கும்போதும் வெளியில் உணரும் வழுவழுப்பே போதும் என்பது அதிலிருந்து கிடைத்த முக்கியமான முடிவு. 1964-ல் இதை நூலாக்கினார். 1960-களின் நடுவில் அவர் மனைவி எவலின், குழந்தைகள்நல மருத்துவர், இதில் இறங்கினார். பெண்களிடம் பெண்ணாகப் பேசி விதிகளைச் செம்மையாக்கியதில் அவருடைய பங்கே பெரிது. வழுவழுப்பு கடைசியாக உணரப்படும் நாளை உச்ச நாள் என்று குறித்து, அதற்குப் பின் மூன்று நாள் விட்டு நான்காம் நாளிலிருந்து கருத்தரிக்காத காலம் என்று கொள்வது விதி.

பெண்கள் வாய்ச்சொல்லை மருத்துவ உலகம் அப்படியே ஏற்காதே. எடின்பரோவில் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜனை அளக்கும் முறையை 1955-ல் வகுத்த ஜேம்ஸ் பிரவுன் 1962-ல் மெல்பர்னுக்கு வந்து சேர்ந்தது நல்ல வாய்ப்பாக அமைந்தது. பெண்கள் தினமும் சிறுநீரைச் சேமித்துத் தந்தார்கள், அவர் அளந்தார். பில்லிங்ஸ் தம்பதியர், பிரவுன், ஹென்றி பர்கர் நால்வரும் 1972-ல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை, பெண்ணே குறித்த உச்ச நாளும் ஹார்மோன் காட்டிய முட்டை வெளியேற்றமும் ஒட்டியே வருவதைக் காட்டியது.

எழுதத் தெரியாதவர்களும் பதிவு செய்ய வண்ணத் தாள்கள் வந்தன. உதிர நாளுக்குச் சிவப்பு, வறண்ட நாளுக்குப் பச்சை, வழுவழுப்பு நாளுக்குக் குழந்தைப் படம் போட்ட வெள்ளை. ஒரு வரிசை ஒட்டி முடிந்தால் ஒரு மாதம் கண்முன் நிற்கும். 1968-ல் போப் ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையை மறுபடி தடுத்தபின், கத்தோலிக்க மறைப்பணியாளர்கள் இந்தத் தாள்களை உலகெங்கும் கொண்டுபோனார்கள். கல்கத்தா சேரிகளில் அன்னை தெரசாவின் சகோதரிகள் இயற்கைவழிக் குடும்பக் கட்டுப்பாடு கற்பித்ததை, 1979-ல் நோபல் பரிசு பெற்றபோது ஆஸ்லோவில் ஆற்றிய உரையில் அவரே குறிப்பிட்டார்.

சபையின் ஆதரவு இந்த முறைக்கு ஆள்பலம் தந்தது; அதுவே ஐயத்துக்கும் இடம் தந்தது. சமயப் பற்றில் சொல்வதா, அறிவியலா என்று கேட்டவர்களுக்கு விடை காண உலக சுகாதார நிறுவனம் 1970-களின் பிற்பாதியில் ஐந்து நாடுகளில் ஆய்வு நடத்தியது. ஆக்லாந்து, டப்ளின், மணிலா, எல் சால்வடோரின் சான் மிகேல், இந்தியாவின் பெங்களூர் என்று ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கற்றுக்கொள்ளச் சேர்ந்தவர்கள் 869 பெண்கள். படித்தவரோ படிக்காதவரோ, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முதல் மாதத்திலேயே தம் சுரப்பின் போக்கைச் சரியாகக் குறித்தனர். 1981 முதல் வெளிவந்த முடிவுகளில் இந்தப் பகுதி எல்லோரையும் வியக்கவைத்தது. இன்னொரு பகுதி அவ்வளவு இனிக்கவில்லை. தொடர்ந்து பின்பற்றிய 725 பேரில், ஓராண்டுக்குள் கருத்தரித்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 20. அவர்களில் பெரும்பாலோர் கருத்தரிக்கும் நாள் என்று தெரிந்தே உறவு கொண்டவர்கள். முறையின் மீதும் கற்பித்தலின் மீதும் ஏற்றக்கூடிய பிழை நூற்றுக்கு மூன்று அளவே. ஆதரித்தவர்கள் பின் எண்ணையும், எதிர்த்தவர்கள் முன் எண்ணையும் எடுத்துக்கொண்டு இன்றுவரை வாதிடுகிறார்கள். உண்மையில் இரண்டு எண்களும் இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை. அடையாளத்தைப் பெண்ணால் படிக்க முடியுமா என்பது ஒன்று. படித்தபடி நடக்கக் கணவன் இடம் கொடுப்பானா என்பது மற்றொன்று.

கருத்தரிக்கும் நாட்கள் எத்தனை என்பதற்குத் தெளிவான விடை 1995-ல் கிடைத்தது. வட கரோலினாவில் கருத்தரிக்க முயன்ற 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சேகரித்து ஆராய்ந்த ஆலன் வில்காக்ஸ் குழு, முட்டை வெளியாகும் நாளோடு முடியும் ஆறு நாட்களே அந்தக் காலம் என்று கணித்தது. முட்டைக்கு முந்தைய ஐந்து நாட்களும் வழுவழுப்பான சளி விந்தணுவைத் தாங்கும் நாட்களோடு பொருந்திவந்தன. சிம்ஸ் தொடங்கிவைத்த சோதனைக்கோ இறங்குமுகம். அதன் முடிவை வைத்து யார் கருத்தரிப்பார் என்று சொல்ல முடியவில்லை என ஆய்வுகள் காட்ட, 2004-ல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுநெறி அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது.

இந்தியாவில் வெள்ளைப்படுதல் இன்னொரு பாதையில் ஆய்வுக்கு வந்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பாங், அபய் பாங் தம்பதியர் இரண்டு கிராமங்களின் 650 பெண்களைப் பரிசோதித்து, 92 விழுக்காட்டினருக்கு மகளிர் நோய் ஏதேனும் ஒன்று இருப்பதையும், அதற்கு முன் மகளிர்நோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினர் மட்டுமே என்பதையும் 1989-ல் வெளியிட்டனர். பெண்கள் வெட்கப்பட்டு மறைத்த வலியும் தொற்றும் அதில் அம்பலமாயின. கோவாவில் விக்ரம் பட்டேல் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. சுமார் 2,500 பெண்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் வெள்ளைப்படுவதாக முறையிட்டார். அந்த முறையீட்டுக்கும் ஆய்வகம் கண்ட தொற்றுக்கும் இருந்த தொடர்பைவிட, மனச்சோர்வுக்கும் வீட்டுத் துயரத்துக்கும் இருந்த தொடர்பு வலுவானது. உடம்பு உருகி ஒழுகுகிறது, பலம் போகிறது என்று பெண் சொல்லும்போது, சொல்ல முடியாத வேறொன்றையும் சேர்த்தே சொல்கிறாள்.

ஆய்வக வசதி இல்லாத நிலையங்களுக்காக, அறிகுறியை வைத்தே மருந்து கொடுக்கும் முறை 1990-களில் பரவியது. அரசு நிலையங்களில் இதற்கான மாத்திரைகள் பச்சை நிறப் பொட்டலத்தில் வருகின்றன: ஒட்டுண்ணிக்கும் பாக்டீரியாவுக்கும் செக்னிடசோல், பூஞ்சைக்கு ஃபுளுகோனசோல். நிறம் மாறி மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்தால், மீன் வாடை அடித்தால், தயிர்த் திப்பிபோல் வந்து அரித்தால், அடிவயிறு வலித்தால், உதிரம் கலந்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். மாதவிடாய் நின்றுபோன வயதில் படுவதும் கவனிக்க வேண்டியதே. இவை ஏதும் இல்லாமல், நடு மாதத்திலோ கர்ப்ப காலத்திலோ, கருத்தடை மாத்திரை தொடங்கிய பின்போ கூடுதலாக ஊறும் தெளிந்த நீருக்கு மருந்து வேண்டியதில்லை. கடைசி மாதவிடாய் எந்தத் தேதி என்று கேட்டுவிட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் நிலையங்களில், மாத்திரை வாங்காமலே திரும்பும் பெண்களும் உண்டு.